நஜீர் அகமதின் ஆலப்புழைக் கோப்பு

திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் சாலையில், வாசலில் செம்புக் கம்பிச் சுருள்கள் தொங்கும் மோட்டார் பட்டறை நஜீர் அகமதுடையது. எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குப் புதிதாகக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டித் தருவது அவர் தொழில். வயது அறுபத்தொன்று. அந்த வேலையை அவர் எந்தப் பள்ளியிலும் படித்தவரல்லர். யாரிடமும் கைகட்டி நின்று பழகியவருமல்லர். இருபது வயதில் பழைய இரும்புக் கடையிலிருந்து எரிந்த மோட்டார்களை எடுத்துவந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே கம்பி எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கிறது என்று எண்ணி எண்ணித் தாமே கற்றுக்கொண்டார். எண்ணியதை அந்தக் கணமே எழுதிவைக்கும் வழக்கம் அப்போது வந்தது. இன்றுவரை அவர் பட்டறை ஏறிய மோட்டார் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை உண்டு. யாருடையது, எந்தக் கிணறு, எத்தனை சுற்று, எந்த அளவுக் கம்பி என்பன அதில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வலது மூலையில் தேதி முத்திரை இருக்கும். முத்திரை குத்தாத காகிதத்தை அவர் காகிதமாகவே மதிப்பதில்லை.

திருவாலங்காட்டில் கரும்பு பயிரிடும் சின்னசாமியின் அட்டையில் மட்டும் ஆறு முத்திரைகள். ஆறு தடவை எரிந்த மோட்டார், முதல் தடவையிலேயே இருவரையும் நண்பர்களாக்கிவிட்டது. முப்பது வருடமாக அவர் இவரைப் "பாய்" என்பார். இவர் அவரை "நைனா" என்பார். அவர்கள் மனைவியரான சர்வர் பேகமும் சுலோச்சனாவும் கணவர்களைவிட நெருக்கம்.

சர்வர் பேகத்துக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. சமதளத்தில் மெதுவாக நடப்பார். படி என்றால்தான் சிக்கல். எந்த அளவுப் படியை அவரால் ஏற முடியும் என்பதை நஜீர் ஓராண்டுக் காலம் கவனித்துக் கணக்கெடுத்து வைத்திருந்தார். ஏழு அங்குலத்துக்கு மேல் உயரம் கூடாது. வலப்பக்கம் பிடிமானம் வேண்டும். அப்படியிருந்தால் ஒரே மூச்சில் மூன்று படி. நின்று நின்று போனால் ஐந்து. ஆறாவது கிடையாது. முன்னூற்று அறுபத்தைந்து படிக் கோயிலைத் தலைக்கு மேல் வைத்திருக்கும் ஊரில், அடிவாரத்தில் குடியிருந்துகொண்டு, ஐந்துக்கு மேல் முடியாத கால்களோடு வாழ்வது எளிதன்று. ஆனாலும் ஊருக்குள் அவருக்குக் குறையில்லை. வங்கி வாசலில் நான்கு படி, ரேஷன் கடையில் இரண்டு, தையல் கடையில் ஒன்று என்று நஜீர் கண்டுவைத்த பாதைகளில் அவர் போய்வந்துகொண்டிருந்தார்.

வெளியூர்தான் இல்லாமல் போயிற்று. அதற்கு ஒரு காரணம் உண்டு. காரணத்துக்கு அத்தாட்சியும் உண்டு.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு சுற்றுலா நடத்துநர் ஐந்து நாள் பேருந்துப் பயணத்துக்கு ஆள் சேர்த்தார். என் மனைவி படி ஏறமாட்டார், அதற்கேற்ற இடங்கள் உண்டா என்று நஜீர் எழுத்திலேயே கேட்டார். எல்லா ஏற்பாடும் உண்டு என்று நடத்துநர் நகலில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பயணம் புறப்பட்ட பிறகுதான் உண்மை தெரிந்தது. போன இடமெல்லாம் படி. முதல் நாள் அருவிக்குப் போனபோது நடத்துநரின் ஆள், "பாயம்மா பஸ்லயே பத்திரமா உக்காந்துகினு இருப்பாங்க, நீங்க போய்ட்டு வாங்க பாய்" என்றார். சர்வர் பேகமும் போகச் சொன்னார். நஜீர் போனார். நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பினால், ஓட்டுநர் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார். மூடிய பேருந்தின் வெக்கையில் மனைவி பயண அழைப்பிதழை மடித்து விசிறிக்கொண்டிருக்கிறார். "ரொம்ப நேரம் உக்காந்துட்டியா?" என்று நஜீர் கேட்டார். "இல்லியே" என்றார் சர்வர் பேகம். மீதி நான்கு நாள்களும் இருவரும் பேருந்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ஊர் திரும்பி நஜீர் முறையிட்டுக் கடிதம் எழுதினார். அப்படி ஒரு தகவல் எங்களுக்குத் தரப்படவேயில்லை என்று பதில் வந்தது. கையெழுத்திட்ட நகலை இணைத்து மீண்டும் எழுதினார். பதில் இல்லை. நான்கு கடிதங்களும் அஞ்சல் ரசீதுகளும் இன்றும் அவரிடம் பத்திரமாக இருக்கின்றன. நடத்துநர் பக்கத்துத் தவறுக்குத் தாள் இருந்தது. அந்த நாற்பது நிமிடத்துக்கு மட்டும் அவரிடம் எந்தத் தாளும் இல்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதும் இல்லை. சர்வர் பேகம் அதன் பிறகு எந்த ஊருக்கும் வர மறுத்துவிட்டார். பேருந்தில் உட்காருவதற்கு வீட்டிலேயே உட்காரலாம் என்பது அவர் வாதம். அதில் பிழை கண்டுபிடிக்க நஜீரால் முடியவில்லை.

இப்படியிருக்க, சென்ற ஆண்டு ஒருநாள் சுலோச்சனா கைப்பேசியில் ஒரு காட்சியைக் கொண்டுவந்து காட்டினார். சின்னசாமியின் அக்காள் மகன் பாலமுருகன் ஆலப்புழையில் ஒரு கயிற்றுப்பாய் ஆலையில் வேலை பார்க்கிறான். அவன் எடுத்து அனுப்பியது. ஒரு பெண் கடைக்குப் போகிறாள். பின்கட்டுக் கதவைத் திறக்கிறாள், கூடையோடு படகில் கால் வைக்கிறாள், படகு போகிறது. அவ்வளவுதான். சர்வர் பேகம் அதை மூன்று தடவை பார்த்தார்.

"இந்த ஊரு மொத்தமும் தட்டையா இருக்குது, சுலோ" என்றார்.

மறுநாள் காலை நஜீர் புதுக் கோப்பு ஒன்றைத் திறந்தார்.

மனைவியைச் சம்மதிக்கவைக்க மூன்று வாரம் பிடித்தது. கடைசியில் அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நஜீர் அதை எழுதித் தரச் சொன்னதும் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, உருதுவில் எழுதிக் கையொப்பமும் இட்டார். 'ஏதேனும் ஓரிடத்தில் என்னை உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் போனால், அதுவே என் கடைசிப் பயணம்.' கோப்பின் முதல் தாள் அது. நஜீர் முத்திரை குத்தி உள்ளே வைத்தார்.

நாள் குறிப்பதே பெரிய வேலையாயிற்று. பட்டறை மேசையில் சின்னசாமி வீட்டு முருகன் படக் காலண்டரும், பள்ளிவாசல் காலண்டரும், சர்க்கரை ஆலையின் வெட்டுப் பட்டியலும் பக்கத்தில் பக்கத்தில் விரிக்கப்பட்டன. தைக் கிருத்திகை முடியாமல் சின்னசாமி நகரமாட்டார். ரம்ஜான் பிறை தெரிந்துவிட்டால் நஜீர் நகரமாட்டார். நடுவில் கிடைத்த சில வாரங்களில் ஆலையிலிருந்து கரும்பு வெட்ட உத்தரவு வந்து தொலைத்தால் எல்லாம் பாழ். மழை இல்லாத மாதம் பிப்ரவரி என்பது நஜீருக்குத் தோதாக இருந்தது; நனைந்த படி வழுக்கும்.

"பாய், உன் பொண்ணு கல்யாணத்துக்குக் கூட இப்டி நாள் பாக்கலியே" என்றார் சின்னசாமி. பிப்ரவரி இரண்டாம் வாரம் குறிக்கப்பட்டது. அதற்கு ஆறு நாள் முன்னதாகக் கரும்பும் வெட்டி ஏற்றியாகிவிட்டது.

அரக்கோணத்துக்கு நஜீர் மூன்று முறை மின்ரயிலில் போய்வந்தார். ஆலப்புழை வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, மின்தூக்கி எந்தப் பக்கம், வண்டியின் படிக்கும் நடைமேடைக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாம் முறை, நின்றிருந்த வண்டியின் வாசலில் அளவுநாடாவை வைத்து அளந்துகொண்டிருந்தபோது ரயில்வே காவலர் ஒருவர் வந்து விசாரித்தார். நஜீர் கோப்பைக் கொடுத்தார். காவலர் நின்றவாக்கில் நான்கு தாள்களைப் படித்தார். பிறகு நாடாவின் மறுமுனையைத் தாமே பிடித்துக்கொண்டு, தம் தாயாருக்கும் முழங்கால் வலிதான் என்றார்.

ஆலப்புழைப் பக்கத்து அளவுகள் பாலமுருகனின் பொறுப்பு. எந்தப் படியைப் படமெடுத்தாலும் பக்கத்தில் ஓர் அடி ஸ்கேல் நிற்க வேண்டும் என்று கட்டளை. அந்த ஸ்கேலும் திருத்தணியிலிருந்து கூரியரில் போயிற்று. ஆலப்புழையில் ஸ்கேல் விற்கமாட்டார்களா என்று பாலமுருகன் தன் மாமாவிடம் கேட்டதாகவும், அதைப் பாயிடம் கேட்டுவிடாதே என்று சின்னசாமி பதறியதாகவும் பிற்பாடு தெரியவந்தது. அவனும் குறை வைக்கவில்லை. தரைத்தளத்து அறை, வாசலில் ஒரு படி. சைவச் சாப்பாட்டுக் கடை, இரண்டு. பள்ளிவாசல், மூன்று. கடற்கரைச் சாலைப் பெஞ்சு, படியே இல்லை. படகுக்கு, கூட்டம் இடித்துத் தள்ளும் பெரிய துறையை விட்டுவிட்டு, அறைக்கு அருகில் கால்வாயோரமாக இருந்த சிறு துறையை அவன் தேர்ந்தெடுத்தான். அரசுப் பயணிகள் படகு அங்கேயும் நின்று போகும். நீர்வரை மூன்றே படி. ஆறு அங்குலம், ஆறரை, ஆறு. வலப்பக்கம் இரும்புக் குழாய். பதினான்கு இடங்களின் படிக்கணக்கையும் ஒரே தாளில் எழுதி அனுப்பியிருந்தான். கோப்பின் பதினான்காம் தாளாக அது அமர்ந்தது. பதினான்கு இடத்துக்குப் பதினான்காம் தாள் என்பதில் நஜீருக்கு ஒரு திருப்தி.

பயணம் சொன்னபடி நடந்தது. மின்தூக்கி வேலை செய்தது. கீழ்ப் படுக்கைகள் கிடைத்தன. விடிந்தபோது சன்னல் இருபுறமும் பச்சையும் தண்ணீருமாக இருந்தது. பாலமுருகன் நிலையத்தில் காத்திருந்தான். அவன் கையில் அந்த ஸ்கேல்.

ஆலப்புழையின் கால்வாய்கள் தாமாக உண்டானவையல்ல. மலைநாட்டு மிளகும் உள்நாட்டுக் கயிறும் கடலோரக் கப்பலுக்குப் போய்ச் சேருவதற்காக, இருநூறு வருடத்துக்கும் முன்னால் திட்டம் போட்டு வெட்டியவை. நீளமாக இரண்டு, குறுக்கே சில, கரையெங்கும் மரம், மரத்தடியில் ஓடு வேய்ந்த பழைய கிடங்குகள், சற்றைக்கொரு பாலம். யாரோ உட்கார்ந்து அளந்து கணக்குப் போட்டு ஓர் ஊரைக் கட்டியிருக்கிறார்கள் என்பது நஜீருக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆட்டோவில் கரையோரமாகப் போகும்போது, பாலங்களை எண்ணிக்கொண்டே வந்தார். சர்வர் பேகம் எண்ணவில்லை. ஒன்பது வருடமாக ஒரே மலையைப் பார்த்த கண்களால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைக்கு இரண்டு படி என்றால் இரண்டு. பள்ளிவாசலுக்கு மூன்று என்றால் மூன்று. ஒவ்வொன்றையும் ஏறி முடித்ததும் அவர் நஜீரைப் பார்ப்பார். நஜீர் தாளில் சரிக்குறி போடுவார். சுலோச்சனாவுக்கு இது விளையாட்டாகி, மாலைக்குள் அவரே "அடுத்தது எத்தினி பாய்?" என்று கேட்க ஆரம்பித்தார்.

திட்டத்தில் இல்லாதது ஒன்றே ஒன்று நடந்தது, அதுவும் நஜீரால்தான். சந்து முனையில் செம்புக் கம்பிச் சுருள் தொங்குவதைப் பார்த்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். உள்ளே ஒரு மலையாளி, இவரைப் போலவே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காயில் கட்டிக்கொண்டிருந்தார். இவருக்கு அவர் மொழி வராது. அவருக்கு இவர் மொழி வராது. சுற்றையும் கம்பி அளவையும் விரலால் காட்டிக் கால்மணி நேரம் பேசினார்கள். தரையில், சேறு அப்பியபடி, நஜீர் பட்டறையில் பார்த்தேயிராத பெரிய மோட்டார் ஒன்று கிடந்தது. இரு கைகளாலும் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. தாழ்ந்த வயல்களிலிருந்து தண்ணீரை இறைத்து வெளியே தள்ளும் மோட்டார் அது என்றும், படகில் வந்தது என்றும் பாலமுருகன் கேட்டுச் சொன்னான்.

திரும்பி ஆட்டோவில் ஏறும்போது சர்வர் பேகம் நகர்ந்து இடம் கொடுத்தபடி சொன்னார்: "எங்கியோ ஆலப்புழான்னு கூட்டினு வந்தீங்க. பாத்தா அரக்கோணம் ரோட்டுக்கே வந்துட்டோம்."

மறுநாள் காலை படகுப் பயணம். இந்தப் பயணம் முழுவதும் அதற்காகத்தான். சர்வர் பேகம் பச்சைப் பூப்போட்ட புடவை உடுத்தி, எல்லோருக்கும் முன்பே வாசலில் வந்து நின்றார். சிறு துறைக்கு நடந்தே போனார்கள். படகும் சொன்ன நேரத்துக்கு வந்தது.

படிதான் சொன்னபடி இல்லை.

மூன்று படி இருந்தன. அவற்றுக்குக் கீழே இன்னும் நான்கு இருந்தன. பாசி படிந்து, விளிம்பு உடைந்து, ஒவ்வொன்றும் ஓர் அடி உயரம். இரும்புக் குழாய் மூன்றாம் படியோடு முடிந்துவிட்டது. படகு அதற்கும் கீழே, குழிக்குள் நிற்பதுபோல் நின்றது. நஜீர் குனிந்து எண்ணினார், ஏழு. நிமிர்ந்து மறுபடி எண்ணினார்; ஏழு. பதினான்காம் தாளை உருவினார். மூன்று என்றுதான் எழுதியிருந்தது.

பாலமுருகன் முகம் வெளுத்து விளக்கினான். அவன் எண்ணியது கார்த்திகை மாதத்தில். அப்போது கடல்நீர் உள்ளே ஏறிக் கால்வாயெல்லாம் தளும்பிக் கிடக்கும். இப்போது நீர் வடிந்துவிட்டது. அன்றும் இதே ஏழு படிதான். நான்கு தண்ணீருக்கு அடியில் இருந்தன. பெரிய துறைக்குப் போனாலும் படகு இதே அளவு தாழ்ந்துதான் நிற்கும்.

நஜீரின் கண் தாளின் வலது மூலைக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. கோப்பில் முத்திரை இல்லாத ஒரே தாள் அது. மோட்டாருக்குத் தேதி போட்டவர், ரசீதுக்குத் தேதி போட்டவர், மனைவியின் நிபந்தனைக்கே தேதி போட்டவர், படிக்கணக்குக்குத் தேதி வேண்டும் என்று நினைக்கவேயில்லை. பிறந்தது முதல் அவர் பார்த்த படி, ஆடியிலும் தையிலும் வெயிலிலும் மழையிலும் முன்னூற்று அறுபத்தைந்துதான். மாதத்துக்கு மாதம் படி கூடும், குறையும் என்று திருத்தணிக்காரர் எவருக்குத் தோன்றும்?

படகு ஊழியர் ஊதலை எடுத்தார். அவசரத்தில் பாலமுருகன் நல்லெண்ணத்தோடு சொன்னான்: "நீங்கெல்லாம் போய்ட்டு வாங்க மாமா. பாயம்மா கூட நான் உக்காந்துகினு இருக்கேன்."

அந்த வாக்கியத்தின் வரலாறு அவனுக்குத் தெரியாது. சர்வர் பேகம் திரும்பினார். துறையின் ஓரமாக ஒரு பெஞ்சு கிடந்தது; யாரும் காட்டாமலேயே அதை நோக்கி நடந்தார். உட்காரும் இடத்தை அவர் தாமாகவே தேடிக்கொண்டதைப் பார்த்த நஜீர், பதினான்காம் தாளைக் கோப்புக்குள் வைத்து மூடினார்.

அவருக்கு முன் சுலோச்சனா போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "நானும் போவல" என்றார். சின்னசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். நஜீர் படகைப் பார்த்துக் கையசைத்து, போகச் சொன்னார். ஐவரையும் விட்டுவிட்டுப் படகு போயிற்று.

"இன்னா பாய், நம்ப ஊரு படின்னு நெனச்சிட்டியா?" என்றார் சின்னசாமி.

நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேராகத் தூக்கி இறக்கலாம் என்று பாலமுருகன் ஆரம்பித்தான். நான் என்ன மூட்டையா என்று சர்வர் பேகம் கேட்டார்; அதோடு அவன் நிறுத்திக்கொண்டான். நஜீரின் காதில் மூட்டை என்ற சொல் மட்டும் தங்கியது. மூட்டை, எடை. நேற்றுத் தள்ளியும் அசையாத அந்த மோட்டார். அதை எவரும் ஏழு படி தூக்கிவந்திருக்க முடியாது. ஆறு பேர் பிடித்தாலும் பாசியில் கால் நிற்காது. ஆனால் அது படகில்தான் வந்திருக்கிறது. கடைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

"பாலமுருகா," என்றார், "நேத்து அந்தக் கடையில கெடந்த பெரிய மோட்டாரு, எந்த எடத்துல கரையேறுச்சுன்னு கேட்டுச் சொல்லு."

சாலையில் நின்ற ஆட்டோக்காரருக்கே அது தெரிந்திருந்தது. கால்வாய் அகன்று வெளியே போகும் இடத்தில் ஒரு சரிவு உண்டு; சிமெண்டு போட்டு நேராகத் தண்ணீருக்குள் இறக்கியிருப்பார்கள்; நெல்மூட்டை, மோட்டார், இருசக்கர வண்டி எல்லாம் அங்கேதான் ஏறும், இறங்கும். நீர் கூடினாலும் குறைந்தாலும் படகின் மூக்கு சரிவில் எங்காவது ஒட்டி நிற்கும். பயணிகள் படகும் கேட்டால் நிற்கும். கால்மணி நேரப் பாதை.

சரிவைக் கண்டதும் நஜீர் அளவுநாடாவை எடுக்கவில்லை. நடந்து இறங்கிப் பார்த்தார். நடந்து ஏறிப் பார்த்தார். படியே இல்லை. அடுத்த படகு வந்தது. பாலமுருகன் மலையாளத்தில் ஏதோ சொல்ல, ஊழியர்கள் இருவர் மோட்டார் ஏற்றும் பலகையை எடுத்துப் போட்டார்கள். அகலப் பலகை, ஒரு கட்டிலளவு இருக்கும்.

சர்வர் பேகம் அதன் முனையில் நின்று கணவரைப் பார்த்தார். "மோட்டார் ஏத்துற வழியிலயா என்னை ஏத்தப் போறீங்க?"

"ஆங். அது உன்னைவிட எடை ஜாஸ்தி. பலகைக்கு ஒண்ணும் ஆவாது."

"ரெண்டு முட்டியும் எரிஞ்சி போயிருக்குது. காயில் கட்டித் தருவீங்களா?"

"எத்தினி சுத்துன்னு தெரிஞ்சா கட்டித் தரலாம்" என்றார் நஜீர்.

படகிலிருந்து ஒரு பெண் கை நீட்டினாள். சர்வர் பேகம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு அடி நடந்தார். எட்டாவது அடி படகுக்குள் இருந்தது. உள்ளே போய் முன்வரிசைச் சன்னலோரத்தில் உட்கார்ந்து, யாரோ எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். படகு பின்வாங்கித் திரும்பியது. கால்வாய் அகன்றது. தென்னை வரிசைக்குப் பின்னால் நெல்வயல் தண்ணீரைவிடத் தாழ்வாகத் தெரிவதைப் பார்த்த சின்னசாமி எழுந்து நின்றுவிட்டார். வயல் கீழே, ஆறு மேலே. முப்பது வருடமாக இருநூறு அடிக்குக் கீழிருந்து தண்ணீரை மேலே இழுத்தவருக்கு அது கண்கட்டு வித்தையாக இருந்தது. இங்கேயும் மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். வயலுக்குள் விட அல்ல, வயலிலிருந்து வெளியே கொட்ட. அதை யாரிடம் சொன்னால் ஊரில் நம்புவார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

சர்வர் பேகத்தின் கவனம் வேறிடத்தில். கரையோரத்து ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீருக்கு இறங்கச் சொந்தப் படி இருந்தது. ஒரு படியில் ஒரு பெண் மீன் ஆய்ந்தாள். ஒன்றில் பாத்திரம் துலங்கிற்று. ஒன்றில் பூனை மட்டும். அவர் எண்ணத் தொடங்கினார். நாலு, ஆறு, அஞ்சு. சிறிது நேரத்தில் கணவரைத் தோளில் தட்டினார்.

"அந்தப் பச்சையப் பாருங்க. எந்தப் படி வரைக்கும் பாசி ஏறியிருக்குதோ, அதுதான் உங்க கார்த்திகை மாசம். கீழ தண்ணி நிக்கிறது இன்னிக்கு. படியே தேதி போட்டு வெச்சிருக்குது."

நஜீர் பார்த்தார். எல்லா வீட்டுப் படியிலும் ஒரே உயரத்தில் பச்சைக்கோடு ஓடியது. ஒன்பது மாதம் கடிதமும் அளவுநாடாவுமாக அவர் தேடாததை, மனைவி ஒன்பது நிமிடத்தில் படித்துவிட்டார். அதை ஒத்துக்கொள்ள அவருக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

நெடுமுடி என்ற துறையில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது திட்டம். நஜீருக்கு நண்பகல் லுஹர் தொழ வேண்டும். சின்னசாமிக்கு வயலில் இறங்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். படகு ஒட்டி நின்றது. நீர் வடிந்த துறையில் ஆறு படி. நஜீர் மனைவியைப் பார்த்து, நானும் இறங்கவில்லை என்று உட்காரப் போனார். சர்வர் பேகம் தடுத்தார். இந்தப் படகு எது வரைக்கும் போகும் என்று ஊழியரைக் கேட்கச் சொன்னார். இன்னும் வெகுதூரம் போய், இதே துறைக்குத் திரும்பும் என்று பாலமுருகன் சொன்னான்.

"அப்ப நானும் சுலோவும் கடைசி வரைக்கும் போய்ட்டு வரோம்" என்றார். "எறங்குறவங்க எறங்குங்க. நெழல் இருக்குது, பெஞ்சு இருக்குது. பத்திரமா உக்காந்துகினு இருங்க."

சுலோச்சனா ஏற்கெனவே பக்கத்து இருக்கைக்கு மாறிவிட்டிருந்தார். ஆண்கள் மூவரும் ஆறு படி ஏறிக் கரையில் நின்றார்கள். படகு போயிற்று. சன்னலில் ஒரு பச்சைப் புடவைத் தலைப்பு பறந்தது. திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"உட்டுட்டுப் போயே போய்ட்டாங்க பாய்" என்றார் சின்னசாமி, நம்ப முடியாமல்.

நஜீர் தொழுதார், சாப்பிட்டார், பெஞ்சில் உட்கார்ந்தார். சின்னசாமி பாலமுருகனை இழுத்துக்கொண்டு வரப்புக்குப் போய், உள்ளங்கை நிறையக் கறுப்பு மண்ணோடு திரும்பினார். நஜீர் கோப்பைத் திறந்து, பதினான்காம் தாளை எடுத்து, வலது மூலையில் இரண்டு தேதிகளை எழுதினார். கார்த்திகையில் மூன்று, பிப்ரவரியில் ஏழு. முத்திரை பட்டறையில் இருந்ததால் கையாலேயே எழுத வேண்டியதாயிற்று. பிறகு அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. வெயில் தண்ணீரில் பட்டுக் கூரையில் ஆடிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒரு மணி நேரமும் ஆயிற்று. காத்திருப்பது இவ்வளவு நீளமானது என்பதை அவர் அந்தப் பெஞ்சில்தான் தெரிந்துகொண்டார். ஆனாலும், அறுபத்தொரு வருடத்தில் அப்படியொரு சுகத்தோடு அவர் எங்கும் உட்கார்ந்ததில்லை.

ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்துப் படகு வந்தது. சர்வர் பேகம் இடத்தை விட்டு எழவில்லை. தலைமுக்காடு காற்றில் நழுவியிருந்தது. மடியில் யாரோ கொடுத்த வாழைக்காய் வறுவல் பொட்டலம். மூவரும் ஆறு படி இறங்கி உள்ளே வந்தார்கள். நஜீர் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் கேட்டார்:

"ரொம்ப நேரம் உக்காந்துட்டீங்களா?"

நஜீர் அவர் முகத்தைப் பார்த்தார். "இல்லியே" என்றார்.

சர்வர் பேகம் இடுப்பிலிருந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார். வாழ்நாளில் ஒரு ரசீதைக்கூட எடுத்துவைக்காத பெண், நான்காக மடித்த இரண்டு படகுச் சீட்டுகளை வெளியே எடுத்துக் கணவரிடம் நீட்டினார்.

"ஃபைல்ல வெச்சிக்கோங்க. தேதி போட்டுத்தான் இருக்குது, பாத்துட்டேன்."